நாலாவது டப்பாவில் ஒண்ணும் இல்ல

நம் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில், ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. "இங்கே ஒண்ணும் இல்லன்னு சொல்லக் கூடாது" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது. எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். போன வாரம் என்னைப் பேச அழைத்திருந்தீர்கள் அல்லவா, அன்று உங்களில் ஒருவர், "மேடம், இதைக் கம்ப்யூட்டர்ல அடிச்சு அழகா ஒட்டிரலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். ஏன் வேண்டாம் என்று கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நெருப்புக்குள் போகிறவர்களுக்குக் கருவி செய்கிற வேலைக்கு வந்துவிட்டு ஏன் என்று கேட்காமல் இருக்கக் கூடாது. நீங்கள் கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. இந்த ஒத்தக்கடைப் பொறியியல் கல்லூரியில், நம் ஆய்வகம் வெறும் மின்னணு ஆய்வகமாக இருந்த காலத்தில் அதற்குப் பொறுப்பாளராக இருந்தவள். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், வேலையில் பாதி இங்கிலீஷ் என்று வளர்ந்ததால், ஒரு சொல்லை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துத்தான் பேசுவேன் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் எங்கே போய் முட்டிக்கொண்டது என்பதுதான் இந்தக் கதை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். கம்பியில்லாமல் பேசும் சின்னச் சின்ன உணர்கருவிகள் அப்போதுதான் எங்கள் கைக்கு எட்டும் விலைக்கு வந்திருந்தன. இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு சர்க்யூட், வெப்பத்தையும் விஷவாயுவையும் அளக்கும் இரண்டு உறுப்புகள். ஒன்று தனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பதற்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும், கடைசியில் மடிக்கணினிக்கு வந்து சேரும். வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவது போலத்தான். வெளிக்கூடு செய்யக் காசில்லாததால் மாணவர்கள் அதைப் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் அடைத்து, தானியக் கிடங்கின் சூட்டை அளப்பதற்காகக் கல்லூரிக் கண்காட்சியில் வைத்திருந்தார்கள்.

அந்தக் கண்காட்சிக்குத் தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், வெள்ளை மீசை, எதையும் தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டார். டப்பாவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது தீக்குள்ள போகுமாம்மா?" என்று கேட்டார்.

"போகும் சார். திரும்பி வராது" என்றேன்.

சத்தம் போட்டுச் சிரித்தார். "எங்க ஆளுக திரும்பி வந்தாப் போதும். இது வராட்டிப் போகுது."

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மில்லைப் பற்றிச் சொன்னார். நம் பக்கத்து நூற்பாலைகளில் எந்திரங்கள் நிற்கும் தரைக்கு அடியில் ஒரு காற்றுப் பாதை ஓடும். எந்திரத்துக்கு அடியில் பறக்கும் பஞ்சுத் தூசியைப் பெரிய விசிறி உறிஞ்சி அந்தப் பாதை வழியாக இழுக்கும். பாதையின் மறுமுனையில் விசிறி அறை. அங்கே தண்ணீர் தூவிக் காற்றைக் கழுவி, ஈரமாக்கி, மறுபடியும் மேலே அனுப்புவார்கள். ஆள் குனிந்து நடக்கிற உயரம். தொழிலாளர்கள் அதைச் சுரங்கம் என்பார்கள். மேலே விழும் ஒரு பொறி கீழே போய்விட்டால், சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் பஞ்சு அதைச் சுரங்கத்தின் மறுகோடி வரைக்கும் கொண்டு போகும்.

"சுரங்கத்துல நடுவுல ஒரு வளைவு வரும். அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்மா" என்றார். "அது தெரியாமத்தான் நாங்க பாதி நேரம் வாசல்ல நின்னு யோசிக்கிறோம்."

அவர் போன பிறகும் அந்த வளைவு என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அடுத்த மாதமே சோதனைக்குக் கிளம்பிவிட்டோம்.

ஒத்தக்கடையைத் தாண்டி, சாலைக்கு அடியில் வளைந்து ஓடிய ஒரு வறண்ட வாய்க்கால் குழாய்தான் எங்கள் சுரங்கம். திருவாதவூரிலிருந்து வைக்கோல் கொண்டு வந்து ஒரு முனையில் ஈரமாகப் புகைய விட்டோம். அதிகாரி தன் ஆட்களில் இருவரை அனுப்பினார், பாண்டி, சேகர் என்று. பாண்டிக்கு முப்பது வயது இருக்கும். வாய் சும்மா இருக்காது. முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டவர், கருவிக்குச் சோப்பு டப்பா என்று பேரும் வைத்துவிட்டார்.

அந்த மூன்று வாரங்களில் நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இருந்ததைவிட அதிகம். டப்பாவைத் தரையில் வைத்தால் பேச்சு பாதியாகிவிடும், இடுப்பு உயரத்தில் மாட்டினால் தெளிவாக வரும். தீயணைப்பு வீரர் டப்பாவுக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் நின்றால் எண்கள் தடுமாறும், மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதை அது எனக்கு நினைவூட்டியது. "சேகரு, கொஞ்சம் நகருடா மாப்ள, அக்காவுக்கு மறைக்குது" என்று பாண்டி குழாய்க்குள்ளிருந்து கத்துவார். வளைவைத் தாண்டி ஆள் போகாமல் டப்பாவை எப்படி வைப்பது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, யார் வீட்டிலிருந்தோ முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பை வாங்கி வந்ததும் அவர்தான். கம்பின் நுனியில் டப்பாவைக் கட்டி வளைவுக்கு அந்தப் பக்கம் நீட்டினார். எண்கள் அழகாக வந்தன. கோடிக்கணக்கில் செலவழித்து எங்கெங்கோ ஆராய்ச்சி நடக்கிறது, எங்களுக்கு ஒரு தொரட்டி போதுமாக இருந்தது.

அவர் ஒரு குறையும் சொன்னார். "யக்கா, இந்த சுவிட்சு எறும்பு அம்புட்டு இருக்கு. கையுறையோட அமுக்க முடியல. கழட்டிட்டுத்தான் அமுக்க வேண்டியிருக்கு."

"அடுத்த தடவை பெருசா வச்சிரலாம் தம்பி" என்றேன். அந்த அடுத்த தடவை வரவில்லை. பாடம் நடத்த வேண்டியிருந்தது, தேர்வு வந்தது, நான் மறந்தேன். இதை இங்கே சும்மா சொல்லவில்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் அதிகாரி வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டப்பா செத்துப் போச்சுன்னா எப்படிம்மா தெரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் திரையில், ஒரு டப்பா பேசுவதை நிறுத்தினால், கடைசியாக அது சொன்ன எண் அப்படியே நின்றுகொண்டிருக்கும். டப்பா எரிந்து சாம்பலான பிறகும் திரை முப்பத்தாறு டிகிரி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அன்றிரவே மாணவர்களை உட்காரவைத்து அதை மாற்றச் சொன்னேன். பேச்சு நின்றால் திரையில் அந்த டப்பாவின் கட்டம் வெறுமையாகிவிட வேண்டும். அப்படியே செய்தோம். இனிமேல் நம் திரை பொய் சொல்லாது என்று பெருமையாக இருந்தது. திரை பொய் சொல்லவும் இல்லை.

ஒரு வேலை நாள், காலை பத்து மணி வாக்கில் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. "மேலூர் ரோட்டுல ஒரு மில்லு. சுரங்கத்துல தீ. உள்ள ஒரு ஆளு இருக்கான். அந்த சோப்பு டப்பாவையெல்லாம் எடுத்துட்டு வாம்மா."

ஆறு டப்பாக்களை வயர்கூடையில் போட்டு, மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். மில் வாசலில் கூட்டம். உள்ளே இருப்பவர் விசிறி அறை பிட்டர், பெயர் தவமணி. பொறி கீழே போனதைப் பார்த்ததும், சுரங்கத்தின் நடுவில் இருக்கிற தடுப்புக் கதவை இறக்கி மூடிவிடலாம் என்று விசிறி அறைப் பக்கமாக உள்ளே போயிருக்கிறார். திரும்பவில்லை.

சுரங்கத்துக்கு இரண்டு வாய். கிழக்கே விசிறி அறை, மேற்கே படி இறங்கும் வழி. விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் புகை முழுக்கக் கிழக்கு வாயில்தான் கொட்டியது, அங்கே யாரும் நெருங்க முடியவில்லை. அதிகாரி, "விசிறி ஓடட்டும், நிறுத்தாதீங்க. புகை அந்தப் பக்கம் போகட்டும், நாம இந்தப் பக்கமா இறங்குவோம்" என்றார். பாண்டியும் சேகரும் முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் முகமூடி, இடுப்பில் கயிறு என்று மேற்குப் படியில் இறங்கினார்கள். பாண்டி கையில் தொரட்டி. வலது கையில் கையுறை இல்லை. அந்த எறும்பு சுவிட்சை அமுக்க வேண்டுமே.

நான் படிக்கு மேலே ஒரு பஞ்சு மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் வாக்கி டாக்கியோடு அதிகாரி. முதல் டப்பா பேசியது, முப்பத்து மூன்று. இரண்டாவது, முப்பத்து நான்கு. மூன்றாவதை வளைவில் மாட்டினார்கள், முப்பத்து ஏழு. விஷவாயு எங்கும் இல்லை. நாலாவதைத் தொரட்டியில் கட்டி வளைவுக்கு அந்தப் பக்கம் நீட்டினார்கள். நாற்பது என்று வந்தது. சுமார் ஒரு நிமிஷம் பேசியது. பிறகு கட்டம் வெறுமையானது.

"நாலுல என்னம்மா?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அவர் வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டு போனார். "பாண்டி, நாலுல ஒண்ணும் இல்ல. வளைவத் தாண்டிப் போகலாம்."

"சரிங்கய்யா" என்று கரகரத்துக்கொண்டு பதில் வந்தது.

என் சொல்தான். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. ஆனால் என் வாயிலிருந்து புறப்படும்போது எண் வரவில்லை என்று இருந்த அது, அவர் காதில் ஆபத்து இல்லை என்று இறங்கியிருந்தது. நம் ஊரில் யாராவது விழுந்து எழுந்தால் என்ன சொல்கிறோம்? ஒண்ணும் இல்ல. வயிற்றுக்குள் என்ன என்று ஸ்கேன் எடுத்து வந்தவரைக் கேட்டால் என்ன சொல்கிறார்? ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்பதற்கு நாம் வைத்திருக்கும் வார்த்தையே அதுதான். அதைத்தான் நான் ஒரு செத்துப்போன டப்பாவுக்குக் கொடுத்தேன்.

அந்தக் கணமே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. இதை உங்களிடம் மறைத்தால் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தமே இல்லை. மில் ஆட்கள் இருபது பேர் சுற்றி நின்று என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் டப்பா செத்துவிட்டது என்று அவர்கள் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. பேட்டரியாக இருக்கும், இதோ வந்துவிடும் என்று வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அப்படி இருந்தது நாலைந்து மூச்சு நேரம்தான். அதற்கே இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் ஆறவில்லை.

மூன்றாவது டப்பா நாற்பத்தைந்து என்றது. அடுத்த தடவை ஐம்பத்து இரண்டு. இரண்டாவதில் விஷவாயு காட்ட ஆரம்பித்தது.

நான் அதிகாரியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "சார், ஒண்ணும் இல்லன்னா நல்லா இருக்குன்னு இல்ல. நாலாவது பேசவே இல்ல. அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. தெரியல சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. வாக்கி டாக்கியில் கூப்பிட்டார், பதில் இல்லை. கயிற்றைப் பிடித்திருந்த வீரரிடம், "இழு, வரச் சொல்லு" என்றார். கயிறு விறைத்தது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தளர்ந்தது. சேகர் முதலில் படியேறினார், பாண்டியின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னாலேயே படி வழியாகக் கறுப்புப் புகை வந்தது.

பாண்டியின் வலது உள்ளங்கையில் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. வளைவைத் தாண்டியதும், தொரட்டியில் கட்டியிருந்த கயிறு கருகி, நாலாவது டப்பா தரையில் விழுந்து கிடந்திருக்கிறது. அக்காவின் டப்பா, மறுபடி சுவிட்சைப் போட்டுப் பார்ப்போம் என்று எடுத்திருக்கிறார்.

ஆம்புலன்ஸுக்குப் போகும்போது, "டப்பா போச்சேக்கா" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. தவமணி இன்னும் உள்ளேதான் இருந்தார். அதிகாரி என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தெரியாதத சொல்லிட்ட. இப்பத் தெரிஞ்சத சொல்லு."

திரையைப் பார்த்தேன். அதில் ஒன்று எனக்குப் புரியவில்லை. இவ்வளவு நேரம் குளிர்ந்த காற்று மேற்கிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் முதல் மூன்று டப்பாக்களும் சுகமாக இருந்தன. இப்போது சூடும் விஷவாயுவும் மூன்று, இரண்டு, ஒன்று என்று வரிசையாக எங்கள் பக்கம் ஏறி வருகின்றன. "சார், காத்து திரும்பிருச்சு. ஏன் திரும்புச்சு?" என்றேன்.

அவர் எழுந்து மில் ஆட்களிடம் திரும்பினார். "விசிறிய யாரு நிறுத்துனது?"

ஒரு மேற்பார்வையாளர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "நான்தான் சார் மெயின ஆஃப் பண்ணச் சொன்னேன். கரண்டு இருக்கும்போது தண்ணி அடிச்சா ஷாக் அடிக்குமேன்னு." நல்ல எண்ணத்தில் செய்தது. யாரும் அவரிடம் விசிறியைப் பற்றிச் சொல்லவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

ஆனால் விசிறியின் இழுப்பு நின்று, மேற்குப் படி வழியே புகைபோக்கியாகி, புகை மேற்கே திரும்பிவிட்டது என்றால் கிழக்கு வாய் தெளிந்துகொண்டிருக்க வேண்டும். அதிகாரி அடுத்த நொடியே இரண்டு பேரைக் கிழக்கே ஓடவிட்டார். விசிறி அறைக்குள் புகை மெலிந்திருந்தது. காற்றைக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்திருந்தார் தவமணி. உயிர் இருந்தது. அவரைத் தூக்கி வந்தபோது அவர் கேட்டது, "கதவு இறங்கிருச்சா?" என்பதுதான்.

எல்லோரும் என் டப்பாக்கள் ஒரு ஆளைக் காப்பாற்றியதாகப் பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவை ஓர் ஆளைக் கொன்றிருக்கவும் கூடும் என்பது எனக்கும் அதிகாரிக்கும் மட்டும் தெரியும். அன்று ஜீப்பில் ஏறும்போது அவர் சொன்னார்: "நானும் கேட்டிருக்கணும்மா, ஒண்ணும் இல்லன்னா என்னன்னு. தப்புல பாதி என்னுது." பாதியை அவர் எடுத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. மீதிப் பாதியை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

மறுநாள் மத்தியானம் மருத்துவமனைக்குப் போனேன். கை முழுக்கக் கட்டோடு பாண்டி கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரோடு கதையடித்துக்கொண்டிருந்தார். கொண்டு போன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு, "கை எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் அப்பாடா என்று உட்கார்ந்திருப்பேன். பார்க்க வந்தவர்களிடம் கட்டிலில் இருப்பவர் சொல்கிற வார்த்தைதானே. ஆனால் முந்தின நாள்தான் அந்த வார்த்தையிடம் நான் சூடுபட்டிருந்தேன். "ஒண்ணும் இல்லன்னா என்ன? வலி இல்லையா, இல்ல எதுவுமே தெரியலையா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் கட்டைப் பார்த்தார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளை அசைக்க முயன்றார். "காலைல வரைக்கும் உசுரு போற மாதிரி வலிச்சுச்சுக்கா. இப்ப இந்த ரெண்டு விரலு..." நிறுத்தினார். "இருக்கான்னே தெரியல."

நான் நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் விரல் நுனியை அமுக்கிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேகமாக நடந்தார். டாக்டர் வந்தார். கட்டுக்குள் கை வீங்கி ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். சுண்டு விரல் போயிற்று. மற்ற நாலும் நின்றன. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் கையே போயிருக்கும் என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஆய்வகத்துக்கு வந்தார். புது டப்பாக்களைக் காட்டினேன். இரும்புக்கூடு, கையுறை போட்ட முஷ்டியால் குத்தினாலே வேலை செய்கிற பெரிய சுவிட்சு. பேச்சு நின்றால் கட்டம் வெறுமையாக நிற்காமல், சிவப்பில் "தெரியவில்லை" என்று எழுதும் திரை. குத்திப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"இதெல்லாம் சரிதான்க்கா. ஆனா திரையில எழுதுனத வாயால படிக்கிறது ஆளுதானே. ஒரு அட்டை எழுதி ஒட்டுங்க, புதுசா வாரவங்களுக்கு."

"நீங்களே எழுதுங்க" என்று அட்டையையும் ஸ்கெட்ச் பேனாவையும் கொடுத்தேன். வலது கையில் பிடித்துப் பார்த்தார், பேனா நழுவியது. இடது கைக்கு மாற்றினார். அந்த ஒரு வரியை எழுத வெகு நேரம் ஆயிற்று. உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை. எழுதி முடித்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்படிக்கா இருக்கு?" என்றார்.

"கோணலா இருக்கு" என்றேன்.

"ஆமா, கோணலாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரே அதைச் சுவரில் ஒட்டினார்.